என் மேசையில் இருந்த இரண்டு தாள்கள்

எனக்குக் கோபம் வந்தால் ஜெபம் பண்ணுவேன். உடனே என்னைப் பெரிய பக்தை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நேரில் திட்ட முடியாதவர்களை ஆண்டவரிடம் போட்டுக்கொடுப்பதற்கு நான் வைத்திருந்த பெயர் அது. வீட்டில் என் கணவருக்கு இது தெரியும். நான் கண்ணை மூடி உட்கார்ந்தாலே, "இன்னைக்கு யாரு மாட்டினாங்க?" என்று கேட்பார்.

அதிகம் மாட்டியவர் எங்கள் கண்காணிப்பாளர்தான். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் உள்ள ஓர் அரசு அலுவலகத்தில் நான் உதவியாளர். அவர் என் பிரிவுக்குத் தலைமை. திங்கள்கிழமைகளில் மக்களிடம் மனு வாங்குவோம். காலை எட்டு மணிக்கே வராந்தா நிரம்பிவிடும். நான் மனுவை வாங்கி, பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் கணினியில் ஏற்றி, எண் போட்ட ஒப்புகைச் சீட்டைக் கையில் கொடுப்பேன். அந்த எண்ணுக்கு முப்பது நாளுக்குள் பதில் போயாக வேண்டும். எனக்குப் பின்னால் கண்காணிப்பாளர் மூக்கின் நுனியில் கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பார். அவரிடம் போகும் மனுவில் ஒரு நகல் குறைந்தால் போதும், திருப்பிக் கொடுத்துவிடுவார். குரல் உயராது, முகம் மாறாது. "ரேஷன் கார்டு ஜெராக்ஸ் இல்ல. எடுத்துட்டு வாங்க." அவ்வளவுதான்.

நான் சொல்லப்போகும் திங்கள்கிழமை, கைக்குழந்தையோடு ஒரு பெண் ஜவ்வாது மலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். அவளையும் அப்படித்தான் திருப்பினார். குழந்தை அழுதுகொண்டே போனது. எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு ஜெராக்ஸுக்காகவா? இவருக்கெல்லாம் மாசாமாசம் பௌர்ணமிக்குக் கிரிவலம் ஒரு கேடா என்று மனதுக்குள் கேட்டேன். வாய்விட்டுக் கேட்கும் தைரியம் கிடையாது. அதனால் ஜெபம்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஜெப விண்ணப்பத்தை அரைத்தாளில் எழுதி, நாலாக மடித்து, பெயர் போடாமல் கொடுக்க வேண்டும். பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் என்ற முறையில் அவற்றையெல்லாம் நான்தான் சேர்த்து வைத்து, வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டத்தில் போதகரிடம் ஒப்படைப்பேன். ஒப்படைக்கும் முன் பிரித்துப் பார்க்கக் கூடாது. போதகரும் எழுதியதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சத்தமாக வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் சபை ஆமென் சொல்லும். யாருடைய கஷ்டம் என்று தெரியாமலே எல்லாரும் அதைச் சுமப்பது நல்ல ஏற்பாடு என்று நான் பல பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அன்று மதியம் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் அரைத்தாள் எடுத்து எழுதினேன்: "கர்த்தாவே, எங்கள் கண்காணிப்பாளருக்கு இரக்கமுள்ள இருதயத்தைத் தந்தருளும். அவருக்குச் சட்டம் தெரிந்த அளவு மனுஷரைத் தெரியவில்லை. முடிந்தால் இந்த வாரத்துக்குள் செய்யும்." ஆண்டவருக்கே கெடு வைத்தேன் பாருங்கள், அலுவலகப் புத்தி. நாலாக மடித்து மேசை மேல் வைத்தேன். பையில் ஏற்கெனவே நாலைந்து விண்ணப்பங்கள் இருந்தன.

மூடப்போகும் சமயத்தில் ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். ஐம்பது வயது இருக்கும். வெயிலில் வேலை செய்து கறுத்த கை. கீழ்ப்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர்.

"மேடம், முடிஞ்சிபோச்சா? பஸ் லேட்டு மேடம்."

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அதுவும் அரைத்தாள், அதுவும் நாலாக மடித்தது. அவருடைய மகள் எழுதிக் கொடுத்த மனு. மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கால் நடக்க ஒத்துழைக்காது. திருவண்ணாமலையில் கல்லூரியில் இரண்டாம் வருஷம். தினமும் அம்மா கூடவே வந்து பஸ்ஸில் ஏற்றி, இறக்கி, வகுப்பு முடியும்வரை வாசலில் காத்திருந்து கூட்டிக்கொண்டு போகிறாள். அதனால் அம்மாவின் கூலிவேலை போய்விட்டது. பக்கத்தில் இரண்டு சிறு சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரை அரசாங்கம் கொடுக்கிறது, அது கிடைத்தால் பிள்ளை தானே போய்வருவாள்.

"இந்த வண்டி வந்தா படிப்பு மேடம். வரலன்னா இந்த வருஷத்தோட நிறுத்திட்லாம்னு இருக்கோம். அதுக்கும் சரின்னு சொல்லிட்டா. அவ சரின்னு சொன்னதுதான் எனக்குத் தாங்கல."

மனு கொடுக்க அன்றைக்குத்தான் கடைசி நாள். அடுத்த திங்கள் தேர்வு முகாம். நான் கண்காணிப்பாளரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் டீ குடிக்கப் போயிருந்தார். இரக்கத்தோடு வேலை செய்வது எப்படி என்று காட்டுகிறேன் பார் என்று மனதுக்குள் சவால் விட்டுக்கொண்டு, இணைப்பெல்லாம் இருக்கிறதா என்று பார்க்காமலே பெயரை ஏற்றி, ஒப்புகைச் சீட்டை அவர் கையில் கொடுத்தேன். "கவலப்படாம போங்க" என்றேன். அவர் கைகூப்பினார். எனக்கு உள்ளே அப்படி ஒரு பூரிப்பு. அந்தப் பூரிப்பிலேயே மேசை மேல் கிடந்த இரண்டு தாள்களில் ஒன்றை அவருடைய எண் போட்டு ஸ்கேன் தட்டில் வைத்தேன், இன்னொன்றைப் பையில் போட்டேன்.

புதன்கிழமையிலிருந்து கண்காணிப்பாளர் மாறிப்போனார்.

"சாப்ட்டீங்களா மேடம்?" என்று கேட்டார். பதினோரு வருஷத்தில் முதல்முறை. நான் திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன். வியாழக்கிழமை, "நீங்க கெளம்புங்க, பஸ் போயிடப் போவுது" என்றார். வெள்ளிக்கிழமை நான் வைத்த கோப்பில் ஒரு பிழைகூடச் சுழிக்காமல் கையெழுத்துப் போட்டார். விண்ணப்பம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது, சபையில் வாசிக்கக்கூட இல்லை, அதற்குள் பதிலா! ஆண்டவர் இவ்வளவு வேகமாக வேலை பார்ப்பார் என்று தெரிந்திருந்தால் இன்னும் நாலு பேர் பெயரை எழுதியிருக்கலாமே என்று நினைத்தேன். ஆனால் கண்காணிப்பாளர் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. அதை நான் கவனித்தேன், பொருட்படுத்தவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பௌர்ணமி. எங்கள் தேவாலயம் செங்கம் சாலையை ஒட்டி இருக்கிறது. பௌர்ணமி என்றால் எங்கள் வாசல் வழியாகத்தான் ஊரே மலை சுற்றப் போகும். ஆட்டோ உள்ளே வராது. பாதி சபை கூட்டத்தில் நீந்தித்தான் வந்து சேரும். காம்பவுண்டு ஓரத்தில் நாங்கள் தண்ணீர்ப் பானை வைப்போம். ஆசிரமம் என்று நினைத்து வெள்ளைக்காரர் ஒருவர் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார், நாங்களும் எழுப்புவதில்லை. அன்றும் ஒருவர் கடைசி வரிசையில் கண்மூடி உட்கார்ந்திருந்தார்.

போதகர் விண்ணப்பங்களைப் பிரித்து வாசிக்கத் தொடங்கினார். ஒருவருக்கு முழங்கால் வலி. ஆமென். ஒருவருடைய மகனுக்கு வரன். ஆமென். மூன்றாவதைப் பிரித்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"பெறுநர், உயர்திரு அலுவலர் அவர்கள். மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்."

ஆண்டவரை இவ்வளவு மரியாதையாக யாரும் கூப்பிட்டதில்லை. ஒரு கணம் தயங்கினார். ஆனால் வழக்கம் வழக்கம்தான், ஒரு வார்த்தை விடாமல் வாசித்தார். "எனக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் வழங்கி உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இது கிடைத்தால் நான் படிப்பை நிறுத்த வேண்டியதில்லை. என் அம்மா மீண்டும் வேலைக்குப் போவார்கள். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள."

சபை முழுக்க உருக்கத்தோடு ஆமென் என்றது. வெள்ளைக்காரரும் சொன்னார். நான் மட்டும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையின் மனு இங்கே இருக்கிறது என்றால், அவள் அப்பாவின் எண்ணில் போயிருப்பது எது?

தாளை வாங்கிக்கொண்டு வெளியே ஓடினேன். அவமானம் பிறகு வரட்டும் என்று தோன்றிவிட்டது. திங்கள்கிழமை பத்து மணிக்கு முகாம், பட்டியலில் அந்தப் பெயர் இருக்காது, அந்தப் பிள்ளை இன்னொரு முறை சரி என்று சொல்லிவிடுவாள். கண்காணிப்பாளருக்குப் போன் போட்டேன். நாலாவது முறை எடுத்தார். பின்னால் ஒரே சத்தம்.

"சார், ஒரு தப்பு நடந்துபோச்சு."

"கிரிவலத்துல இருக்கேன் மேடம். எங்க இருக்கீங்க? சர்ச்சுலயா? இன்னும் கால் மணி நேரத்துல அங்க தாண்டுவேன். வாசல்லயே நில்லுங்க."

தண்ணீர்ப் பானை அருகில் நின்றேன். அவர் வந்தார்: வேட்டி, துண்டு, நெற்றி நிறைய விபூதி, வெறுங்கால். அலுவலகத்தில் பார்த்த மனிதர்தானா என்று இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். "நடந்துக்கினே பேசலாம், நடுவுல நின்னா பின்னாடி வர்றவங்க மோதுவாங்க" என்றார். எனவே நானும் நடந்தேன். அவர் வெறுங்காலோடு நடக்க, பக்கத்தில் நான் மட்டும் செருப்புப் போட்டுத் தட்டுத்தட்டென்று நடப்பது கூச்சமாக இருந்தது, கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். ஐக்கியத்துப் பெண்கள் ஜன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டு அடுத்த இரண்டு வாரம் பேசினார்கள் என்பது தனிக்கதை.

எல்லாவற்றையும் சொன்னேன். என் விண்ணப்பத்தில் என்ன எழுதியிருந்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் மேடம். ஸ்கூட்டர் குடுக்கிற ஆபீஸ்லருந்து 'எங்களுக்குச் சம்பந்தம் இல்ல'ன்னு எழுதி புதன்கிழமையே திருப்பி அனுப்பிட்டாங்க. மனுதாரர் யாரோ ஒரு விவசாயி. கையெழுத்து உங்களுது."

ரோட்டோரம் இருந்த சோளக்கடைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன்.

"வேணும்னே வேற பேர்ல என்னப் பத்தி மனு போட்டீங்கன்னு நெனச்சேன். கேக்கவும் கூச்சமா இருந்துச்சு. வீட்ல காட்டுனேன். எங்க வீட்ல படிச்சிட்டு, 'கரெக்டாதான் எழுதியிருக்காங்க'ன்னு சொல்லிட்டாங்க." சிரிக்க முயன்றார், சரியாக வரவில்லை. "புதன்கிழமையே உங்களக் கேட்டிருந்தா மூணு நாள் மிச்சம். அந்த விவசாயியோட நம்பர் இருந்துச்சு, அவருக்காவது போன் போட்டிருக்கணும். என் ரோஷம் ஜாஸ்தியாயிடுச்சு. அது என் தப்பு."

நான் மன்னிப்புக் கேட்டேன். மனதார, கூட்டத்தின் நடுவில், கையில் செருப்போடு கேட்டேன்.

அவர் அந்த மனுவை வாங்கி, தெருவிளக்கின் கீழே ஓரமாக நின்று படித்தார். "கால்ல எவ்ளோ குறைபாடுன்னு அட்டை நகல் வெச்சிருக்காங்களா?"

"இல்ல சார். நான் பார்க்கல."

"பாருங்க. தாள் மாறாம இருந்தாலும் இது திரும்பியிருக்கும். ஒரு மாசம் கழிச்சி, தபால்ல. நான் திங்கக்கிழம ஒருத்தங்கள எதிரிலயே திருப்பி அனுப்பறேன்னா, அவங்க அன்னைக்கே கீழ கடையில எடுத்துட்டு வந்து குடுத்துட்டுப் போயிடுவாங்கன்னுதான். அந்தக் கைக்குழந்தைக்காரம்மா அரை மணி நேரத்துல வந்து குடுத்தாங்க. நீங்க அப்போ சாப்பிடப் போயிருந்தீங்க."

சாப்பிடப் போனது உண்மை. சாப்பிட்டு வந்துதான் விண்ணப்பத்தையே எழுதினேன். "இத நீங்க அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே சார், கடை கீழயே இருக்கு, இன்னைக்கே வாங்கன்னு?" என்றேன். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. குழந்தையின் அழுகை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"சொல்லலியா நானு?" என்று யோசித்தார். "சொல்லல போல."

சனிக்கிழமை விடுமுறை. ஆனாலும் இருவரும் அலுவலகத்தில் இருந்தோம். விவசாயிக்குப் போன் செய்து வரச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "பரவாயில்ல மேடம், எனக்குக்கூட போன மாசம் விதை மாறிப்போச்சு" என்றார். அட்டை நகலோடு பதினோரு மணிக்கெல்லாம் வந்துவிட்டார்.

நான் விளக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பணியில் சேர்ந்து முதல் விளக்கம். "கூட்ட மிகுதி காரணமாக மனு இடம் மாறி இணைக்கப்பட்டுவிட்டது" என்று எழுதினேன். சட்டப்படி குறை சொல்ல முடியாத வாக்கியம். கண்காணிப்பாளர் படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"மனு தானா நடந்துபோயி இடம் மாறிச்சா மேடம்?"

நான் அவரைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுபிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று பாடம் எடுக்கிறவள் நான். கூட்டம் அப்போது ஓய்ந்திருந்தது என்பதும் எனக்குத் தெரியும். கிழித்துப் போட்டுவிட்டு, நான் கவனிக்காமல் தாளை மாற்றி வைத்தேன், மனுதாரர் உரிய நாளில் மனு கொடுத்தார், அவர் மேல் தவறில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதன் அடியில் அவர் இன்னொரு பத்தி சேர்த்தார். திரும்பி வந்த தாளை மூன்று நாள் நடவடிக்கையின்றித் தானே வைத்திருந்ததாக எழுதி, அவரும் கையெழுத்திட்டார். யாரும் கேட்காத பத்தி அது. அவர் எழுதாமல் விட்டிருந்தால் எந்தக் காலத்திலும் வெளியே தெரியாது.

திங்கள்கிழமை காலை எங்கள் பிரிவில் மனு வாங்க இன்னொருவரை உட்காரவைத்துவிட்டு, இருவரும் முகாமுக்குப் போனோம். பட்டியல் முடிந்துவிட்டது என்றார்கள். கண்காணிப்பாளர் தன் வழக்கமான குரலில், உயராமல் தாழாமல், ஒப்புகைச் சீட்டின் எண்ணையும் தேதியையும் காட்டினார். "மனு எங்க கைக்கு வந்தாலே அரசாங்கத்துக்கு வந்த மாதிரி. எங்க ஆள் பைக்குள்ள போனதுக்கு அந்தப் பொண்ணு பொறுப்பில்ல." அவர்கள் விதிப் புத்தகத்தைத் தேடினார்கள். இவர் பக்கத்தைச் சொன்னார். எதற்கெல்லாம் எரிச்சல் பட்டேனோ, அந்தச் சட்டம் பேசுகிற வாய் அன்று எனக்கு இனித்தது. கடைசிப் பெயராகச் சேர்த்தார்கள்.

அன்றுதான் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மருத்துவர் கை வலுவைப் பார்க்க, "என் விரலை இறுக்கிப் பிடி" என்றார். அவள் பிடித்த பிடியில் மருத்துவர், "போதும்மா, போதும்மா" என்று கத்தினார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவள் தேர்வானாள். எனக்கு அழுகை வந்தது. கண்காணிப்பாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சபையிலோ யாருக்கும் இந்தக் கதை தெரியாது. வாராவாரம், "அந்த ஸ்கூட்டர் என்னாச்சு?" என்று போதகரைத் துளைத்தெடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை வாசலில் ஹாரன் கேட்டது. அந்தப் பிள்ளைதான், புது வண்டியில், தனியாக. அப்பா கொடுத்தனுப்பினார் என்று முன்பக்கம் ஒரு சாக்கில் அவித்த மல்லாட்டை. வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அலுவலகத்துக்குக் கொண்டுவந்தபோது கண்காணிப்பாளர் வாங்கக் கூடாது என்று விதியைச் சொல்லி, சர்ச்சுக்கு வழி காட்டி அனுப்பினாராம். முழங்கால் வலிக்காரரிலிருந்து எல்லாரும் போய் வண்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அன்று கூட்டம் முடிந்தபோது தரையெல்லாம் மல்லாட்டைத் தோல். சபைக்கு முன்னால் எழுந்து நின்று, தாள் மாறிய கதையை முழுவதும் சொன்னேன், என் விண்ணப்பத்தில் இருந்ததையும் சேர்த்து. போதகர் சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது.

அடுத்த நாள் அலுவலகம் இல்லை. அதற்கடுத்த திங்கள்கிழமை தபால் கட்டில் எனக்கு ஒரு உறை இருந்தது. உள்ளே தட்டச்சு செய்த ஒரு தாள்.

"பொருள்: கண்காணிப்பாளருக்கு இரக்கமுள்ள இருதயம் வழங்கக் கோரியது – தொடர்பாக.

பார்வை: மனுதாரரின் தேதியிடப்படாத விண்ணப்பம்.

பார்வையில் காணும் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. கோரிக்கை நியாயமானது. எனினும் இது இப்பிரிவின் அதிகார வரம்புக்கு உட்பட்டதல்ல என்பதால், உரிய மேலிடத்துக்கு மனுதாரரே தொடர்ந்து விண்ணப்பித்து வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்."

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வராந்தாவில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கண்காணிப்பாளர் பின்னால் தலையைக் குனிந்து ஏதோ எழுதுவதுபோல் இருந்தார். அப்போதுதான் தாளின் அடியில் இன்னும் ஒரு வரி இருப்பதைப் பார்த்தேன்.

"நகல்: பிரிவு உதவியாளர் – தகவலுக்காகவும் உரிய நடவடிக்கைக்காகவும்."

பிரிவு உதவியாளர் நான்தான். நகல் வந்தால் பெற்றுக்கொண்டதாகச் சுருக்கொப்பமிட்டுத் தேதி போட வேண்டும், அதுதான் விதி. போட்டேன். வரிசையில் முதலில் நின்ற பெரியவர் மனுவை நீட்டினார். ஒரு நகல் குறைந்தது. "கீழ கடை இருக்குது ஐயா, இன்னைக்கே எடுத்துட்டு வந்துடுங்க, உங்க இடத்த நான் பாத்துக்கறேன்" என்றேன். பின்னாலிருந்து, "படி ஜாஸ்தி மேடம், அவரால எறங்க முடியாது. நான் போறேன்" என்று ஒரு குரல் கேட்டது. கண்காணிப்பாளர் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு இறங்கிப்போனார். அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே என்று பெரியவரின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரக்கமுள்ள இருதயம் பற்றிய அந்தக் கடித நகலுக்கான முப்பது நாள் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. என் மேசையில் அது இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.